மொய் நோட்டிலும் மஞ்சக்காணிப் பத்திரத்திலும் இருந்த அப்பாயி

அப்பாயி, என் அப்பாவின் அம்மா, 2022 மாசியில் இறந்துபோனார். கண்ணீர் அஞ்சலி பேனர் அடிக்கப் போன சித்தப்பா கடையில் நின்றபடியே எனக்குப் போன் செய்தார். "தோற்றம்னு ஒரு தேதி கேக்குறாங்க பாப்பா, என்ன போடச் சொல்றது?" ஆதாரில் 01.01.1942 என்று இருந்தது. வாக்காளர் அட்டையில் வேறு வயது, பழைய ரேஷன் கார்டில் இன்னொரு வயது. ஆதாரை நம்பினால் 1955-ல் பெரிய அத்தை பிறந்தபோது அப்பாயிக்குப் பதின்மூன்று வயதுதான் இருந்திருக்கும். "1935 ஆவணின்னு போடச் சொல்லுங்க சித்தப்பா" என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

ஏனென்றால் அந்தக் கணக்கை அப்பாயி இருக்கும்போதே அவரோடு உட்கார்ந்து போட்டு முடித்திருந்தோம். அவருடைய வாழ்க்கையைப் பாதி அவர் வாயாலேயே கேட்டும், மீதியை அவர் போன பிறகு மற்றவர்களிடம் கேட்டும் எழுதிச் சேர்த்தோம். தலைத்திவசத்தன்று அதைச் சின்னப் புத்தகமாக அச்சடித்துச் சொந்தக்காரர்களுக்குக் கொடுத்தோம். கையெழுத்துப் போடுவதற்கு மேல் எழுதத் தெரியாமல், வயலிலேயே காலம் கழித்த ஒரு கிராமத்துப் பெண்ணைப் பற்றி என்ன கிடைத்துவிடும் என்று பலர் கேட்டார்கள். நிறையக் கிடைத்தது. எங்கே கிடைத்தது, எப்படிக் கேட்டால் வந்தது என்பதைத்தான் இங்கே எழுதுகிறேன். வீட்டில் வயதான அப்பாயியோ அம்மாச்சியோ இருப்பவர்களுக்கு உதவும்.

முதலில் வயது. எங்கள் ஊர் ஒரத்தநாட்டுக்கும் பட்டுக்கோட்டைக்கும் நடுவில், புது ஆற்றுப் பாசனம். கல்லணைக் கால்வாய் என்பது காகிதத்தில் உள்ள பெயர், ஊர்க்காரர்களுக்கு அது புது ஆறு. மேட்டூர் அணையோடு சேர்த்துப் போட்ட திட்டம் அது. 1934-ல் அணை திறந்த பிறகுதான் எங்கள் பக்கத்து மேட்டு நிலங்களுக்குக் காவிரித் தண்ணீர் வந்தது. அதற்கு முன்னால் ஏரியையும் மழையையும் நம்பித்தான் வெள்ளாமை. "நீ எப்ப அப்பாயி பொறந்தே?" என்று கேட்டால், "அதெல்லாம் யாரு எழுதி வச்சா" என்று தள்ளிவிடுவார். "புது ஆத்துல தண்ணி வந்தப்ப நீ இருந்தியா?" என்று கேட்டேன். உடனே பதில் வந்தது. "தண்ணி வந்த மறு வருசம். என்னை வயித்துல வச்சுக்கிட்டுத்தான் எங்க ஆத்தா ஆடியில நடவு நட்டுச்சாம். ஆவணியில பொறந்தேன்."

அப்புறம் கல்யாணம். நந்தன வருசம் தை மாதம் என்று அவருக்கு நன்றாக நினைவிருந்தது. அதற்குக் காரணம் புயல். 1952 நவம்பர் 30-ம் தேதி நாகப்பட்டினம் பக்கம் கரையேறிய புயல் தஞ்சாவூர், புதுக்கோட்டை வரை அடித்து நொறுக்கியது. கார்த்திகையில் புயல், தையில் கல்யாணம். விழுந்து கிடந்த தென்னை மரங்களின் மட்டையை முடைந்துதான் கல்யாணப் பந்தல் போட்டார்களாம். ஓலைக்குக் காசே செலவில்லை என்று எழுபது வருசம் கழித்தும் சொன்னார்.

தமிழ் வருடப் பெயரை வைத்துக் கணக்குப் போடுபவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். தமிழ் வருடம் சித்திரையில் பிறக்கிறது. அதனால் மார்கழி பாதிக்கு மேலும், தை, மாசி, பங்குனி மாதங்களும் அடுத்த ஆங்கில வருடத்தில் விழும். நந்தன வருடம் 1952-ல் தொடங்கினாலும் நந்தன தை என்றால் 1953 ஜனவரி, பிப்ரவரி. அதே பெயர் அறுபது வருசத்துக்கு ஒருமுறை திரும்ப வரும் என்பதால் பக்கத்தில் வேறொரு சம்பவத்தையும் வைத்துச் சரிபார்க்க வேண்டும். எங்களுக்குச் சரிபார்க்கக் கிடைத்தது அப்பாயியின் மஞ்சக்காணிப் பத்திரம்.

தஞ்சாவூர்ப் பக்கத்தில் பெண்ணைக் கட்டிக்கொடுக்கும்போது அப்பன் வீட்டில் அவள் பேருக்கு எழுதிக் கொடுக்கிற நிலம்தான் மஞ்சக்காணி. அப்பாயிக்கு அவருடைய அப்பா முக்கால் ஏக்கர் எழுதிக் கொடுத்திருந்தார். பழைய பத்திரங்களில் எழுதிக் கொடுப்பவர், வாங்குபவர் எல்லோருக்கும் தகப்பன் பெயர், ஊர், சுமார் வயது எழுதுவது வழக்கம். 1953-ல் பதிவான அந்தப் பத்திரத்தில் "வயது சுமார் 18" என்று இருந்தது. புது ஆற்றுக் கணக்கும் அதுவும் பொருந்திப் போயின. பத்திரம் வீட்டில் இல்லையென்றாலும் நகல் வாங்கலாம். சர்வே எண்ணும் ஊரும் தெரிந்தால் சார்பதிவாளர் அலுவலகத்தில் வில்லங்கச் சான்று போட்டு, அதில் வரும் ஆவண எண்ணைக் கொடுத்து மனு செய்ய வேண்டும்.

இதுபோல உங்கள் ஊருக்கென்று சம்பவங்கள் இருக்கும். அணா போய் நயா பைசா வந்தது 1957 ஏப்ரலில். அண்ணா இறந்தது 1969 பிப்ரவரி, எம்.ஜி.ஆர். இறந்தது 1987 டிசம்பர். எங்கள் பக்கத்தில் 77 புயலைச் சொன்னால் எல்லோருக்கும் ஏதாவது ஒன்று நினைவு வரும். "அப்ப சின்ன அத்தை கைப்பிள்ளையா, நடந்துக்கிட்டு இருந்துச்சா?" என்கிற மாதிரி பிள்ளைகளின் வயதோடு சேர்த்துக் கேட்டால் வருடம் தானாக வந்து உட்காரும்.

எனக்குப் பெரிய புதையலாகக் கிடைத்தவை மொய் நோட்டுகள். பேராவூரணி, பட்டுக்கோட்டை, ஒரத்தநாடு வட்டாரத்தில் மொய் என்பது எவ்வளவு பெரிய காரியம் என்று இந்தப் பக்கத்துக்காரர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆடியிலும் ஆவணியிலும் மொய் விருந்துக்கென்றே பந்தல் போடும் ஊர்கள் இவை. யார் எவ்வளவு செய்தார்கள் என்று எழுதி வைத்து, அவர்கள் வீட்டுக் காரியத்தில் கூட்டித் திருப்பிச் செய்ய வேண்டும் என்பதால் மொய் நோட்டை யாரும் தூக்கிப் போடுவதில்லை. அப்பாயியின் டிரங்குப் பெட்டியில், பட்டுச்சேலைக்கு அடியில், துணியில் சுற்றிய நோட்டுகள் இருந்தன. பெரிய அத்தையின் காதுகுத்திலிருந்து தொடங்கி என் கல்யாணம் வரை.

முதல் நோட்டில் முதல் பக்கத்தில் பிள்ளையார் சுழி, கீழே தேதி, என்ன காரியம் என்று ஒரு வரி. அப்புறம் ஊர் ஊராகப் பெயர்கள். இரண்டு ரூபாய், ஐந்து ரூபாய். ஒருவர் ஒரு மரக்கால் பச்சைப்பயறு என்று எழுதியிருந்தது. எழுத்து தாத்தாவுடையது. 1971-க்குப் பிறகு எழுத்து மாறிவிடுகிறது. தாத்தா அந்த வருடம்தான் இறந்துபோனார். அதற்கப்புறம் யார் யாரோ எழுதியிருக்கிறார்கள், ஆனால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் கூட்டுத்தொகைக்குப் பக்கத்தில் ஒரு சின்ன வட்டம் போட்டிருந்தது. அப்பாயி மனக்கணக்காகக் கூட்டிச் சரிபார்த்த பிறகு போட்ட அடையாளம் அது என்று அப்பா சொன்னார். மூன்றாவது வரைதான் படித்தவர், கூட்டலில் அவரை யாரும் ஏமாற்ற முடியாது.

அந்தப் பெயர்களை ஒவ்வொன்றாகப் படித்துக் காட்டினேன். அப்பாயி கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். சில பெயர்களுக்கு "ம்" என்று மட்டும் வரும். சில பெயர்களுக்கு அரை மணி நேரம் கதை வரும். "இவரு நம்ம தாத்தா செத்தப்ப ராவோட ராவா மாட்டு வண்டி கட்டிக்கிட்டு வந்தாரு. அவரு வீட்டுக் கல்யாணத்துக்கு நான் அறுப்பு விட்டுட்டுப் போனேன்." வாழ்க்கையைச் சொல்லு என்று கேட்டிருந்தால் இது ஒருநாளும் வந்திருக்காது. பெயரும் தேதியும் கையில் இருந்ததால் வந்தது.

இன்னொரு ஆதாரம் பாத்திரங்கள். எவர்சில்வர் வந்த பிறகு சீராகக் கொடுக்கும் குடத்திலும் தூக்கிலும் பெயர் வெட்டிக் கொடுப்பார்கள். யார் கொடுத்தது, யாருக்கு, சிலதில் தேதியும் இருக்கும். பரணிலிருந்து எல்லாவற்றையும் இறக்கி அடியைத் திருப்பிப் பாருங்கள். சின்ன அத்தையின் கல்யாணத் தேதி எங்களுக்கு ஒரு பால் தூக்கில்தான் கிடைத்தது. விளக்கு வெளிச்சம் பக்கவாட்டில் விழும்படி வைத்து போட்டோ எடுத்தால் தேய்ந்த எழுத்தும் தெரியும்.

பேச்சைப் பதிவு செய்வது பற்றிச் சொல்கிறேன். செல்போனில் உள்ள ரெக்கார்டரே போதும். மின்விசிறியை நிறுத்த வேண்டும், அதன் இரைச்சல் பேச்சை அமுக்கிவிடும். போனை ஏரோப்ளேன் மோடில் போட்டுவிட்டால் நடுவில் அழைப்பு வந்து பதிவு அறுந்துபோகாது. ஆனால் அதைவிட முக்கியம், அவர்களை நாற்காலியில் உட்காரவைத்துப் பேட்டி எடுக்கக் கூடாது. கையில் வேலை இருக்க வேண்டும். அப்பாயி புளியில் கொட்டை எடுக்கும்போதும் மொச்சை உரிக்கும்போதும் பேசியதுதான் நல்ல பேச்சு. நானும் ஒரு முறத்தை எடுத்துக்கொண்டு எதிரில் உட்கார்ந்துவிடுவேன்.

கேள்வியும் சின்னதாக இருக்க வேண்டும். "அந்தக் காலத்துல கஷ்டப்பட்டியா?" என்று கேட்டால் "பட்டோம், என்ன பண்றது" என்று முடிந்துவிடும். "தாத்தா செத்த வருசம் குறுவைக்கு விதை எங்க வாங்குனே?" என்று கேட்டேன். அதற்கு வந்த பதில்தான் எங்கள் புத்தகத்தில் பெரிய அத்தியாயம்.

தாத்தா போனபோது அப்பாயிக்கு முப்பத்தாறு வயது ஆகவில்லை. நான்கு பிள்ளைகள். தாத்தாவின் பங்கு நிலம் பெரியவர்கள் பெயரில், பிரிவினை ஆகாமல் கிடந்தது. அதை வைத்து ஒரு ரூபாய் கடன் வாங்க முடியாது. அப்பாயி பெயரில் தனியாக இருந்தது அந்த முக்கால் ஏக்கர் மஞ்சக்காணி ஒன்றுதான். அதன் பட்டாவை எடுத்துக்கொண்டு கூட்டுறவுக் கடன் சங்கத்துக்குப் போய்ப் பயிர்க்கடன் வாங்கினார். ஊரில் அதற்கு முன் பெண் யாரும் சங்கத்துப் படியேறிக் கடன் கேட்டதில்லையாம். "கையெழுத்துப் போடத் தெரியுமான்னு கேட்டாங்க. போட்டுக் காட்டினேன்" என்றார். அந்த இடத்தில் அவர் குரல் கொஞ்சம் உயர்வது பதிவில் இன்றும் கேட்கிறது. ஆடுதுறை 27 நெல்லை அந்தக் கடனில்தான் விதைத்தார். உரம் போட்டால் தாங்கும், சீக்கிரம் அறுக்கலாம் என்று பக்கத்து வயல்காரர் சொன்னதைக் கேட்டுச் செய்தது. கடனை அந்த அறுப்பிலேயே அடைத்தார்.

பெண் பெயரில் ஒரு துண்டு நிலம் இருப்பது என்ன செய்யும் என்று இதைவிடத் தெளிவாக எனக்கு யாரும் சொன்னதில்லை. அந்த முக்கால் ஏக்கர் இல்லையென்றால் என் அப்பா பள்ளிக்கூடம் போயிருக்க மாட்டார்.

பாட்டு பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு ஒரு விஷயம். நடவுப் பாட்டும் தாலாட்டும் எங்கே வேண்டுமானாலும் பாடுவார்கள். ஒப்பாரியை வீட்டுக்குள் பாடச் சொல்லிக் கேட்காதீர்கள். உயிரோடு எல்லோரும் இருக்கிற வீட்டில் அது ஆகாது. அப்பாயி என்னைத் தென்னந்தோப்புக்குக் கூட்டிப்போய், மோட்டார் கொட்டகைக்குப் பின்னால் உட்கார்ந்து பாடினார். தாத்தாவுக்குப் பாடியது, அவர் அம்மாவுக்குப் பாடியது இரண்டும் பாடினார். பாடி முடித்ததும் வாய்க்காலில் கால் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்கு வந்தோம்.

கஜா புயலைச் சொல்லாமல் அப்பாயியைப் பற்றி எழுத முடியாது. 2018 நவம்பர் 15 ராத்திரி. மழை, காற்று எல்லாம் சொன்னபடி வந்தது. நாங்கள் எல்லோரும் மாடி வீட்டின் கீழ் அறையில் இருந்தோம். காற்று வடக்கிலிருந்து கதவைத் தள்ளிக்கொண்டே இருந்தது. சித்தப்பாவும் அப்பாவும் கதவுக்குப் பின்னால் நெல் மூட்டையைப் போட்டு அதன் மேல் உட்கார்ந்திருந்தார்கள். விடிவதற்கு முன்னால் ஒரு நேரத்தில் சட்டென்று காற்று ஓய்ந்தது. சித்தப்பா டார்ச் லைட்டை எடுத்துக்கொண்டு மாட்டைப் பார்க்கக் கிளம்பினார். அப்பாயி கட்டிலிலிருந்து இறங்கி வந்து கதவில் கையை வைத்துக்கொண்டார். "போகாதடா. இது நிக்கல. திரும்பித் தெக்கேருந்து அடிக்கும். அம்பத்திரண்டுல இப்படித்தான் நின்னுச்சு, பாக்கப் போனவங்க திரும்பலை." சித்தப்பா ஏதோ சொல்ல வாயெடுத்தார். அப்பாயி கையை எடுக்கவில்லை.

கொஞ்ச நேரத்தில் தெற்கிலிருந்து வந்தது. முதலில் அடித்ததைவிட அதுதான் மோசம். வடக்குக் காற்றில் சாய்ந்து வேர் தளர்ந்திருந்த மரங்களையெல்லாம் அது எதிர்ப்பக்கம் முறித்தது. மாட்டுக் கொட்டகையின் மேல் தென்னை மரம் விழும் சத்தம் எங்களுக்குக் கேட்டது. புயலின் கண் கடந்து போகும்போது காற்று ஓய்ந்து, பிறகு எதிர்த்திசையிலிருந்து அடிக்கும் என்பதை இப்போது வானிலை அறிவிப்பில் சொல்கிறார்கள். அப்பாயி பதினேழு வயதில் பார்த்ததை எண்பத்து மூன்றில் சொன்னார். சித்தப்பா இன்றைக்கு நம்மோடு இருக்கிறார். மாடு போய்விட்டது, தோப்பு முழுவதும் போய்விட்டது. மறுநாள் விழுந்த மரங்களைப் பார்த்து எல்லோரும் நின்றபோது அப்பாயி அரிவாளை எடுத்துக்கொண்டு வந்து குருத்தை வெட்டச் சொன்னார். மட்டையைத் தனியாக அடுக்கச் சொன்னார். கூரை போன வீடுகளுக்கு அது வேண்டியிருக்கும் என்றார். அப்படியே கொடுத்தோம்.

இதை எழுதும்போதுதான் ஒன்றைக் கவனித்தேன். கஜாவில் நடந்ததை ஆண்கள் எல்லோரும் எத்தனை மரம் போனது என்று சொன்னார்கள். பெண்கள் சொன்னது, அன்று காலை அப்பாயி எங்கிருந்தோ காய்ந்த விறகைக் கொண்டுவந்து கஞ்சி வைத்ததை. இரண்டும் வேண்டும். அதனால் யாரைக் கேட்பது என்பதை முதலிலேயே யோசித்துக்கொள்ளுங்கள். மகன்கள் சொன்ன அப்பாயி கண்டிப்பானவர், கணக்கில் கெட்டி. மகள்கள் சொன்ன அப்பாயி ராத்திரி எல்லோரும் தூங்கிய பிறகு அவர்கள் தலையில் எண்ணெய் வைத்துக்கொண்டே அழுதவர். அவரோடு நடவு நட்ட அக்காமார்கள் சொன்ன அப்பாயி வேறு மாதிரி. நடவு வயலில் எதிர் வரிசை ஆட்களைச் சீண்டிப் பாட்டுக் கட்டுவாராம், அதற்குப் பதில் பாட்டு வராவிட்டால் விடமாட்டாராம். எங்கள் வீட்டில் யாரும் அந்த அப்பாயியைப் பார்த்ததே இல்லை. கருமாதிக்கு வந்த ஒரு அக்கா, தன் மகனின் பரீட்சைக் கட்டணத்தை அப்பாயி கட்டியதை அப்போதுதான் எங்களிடம் சொன்னார். வாங்கியவரும் கொடுத்தவரும் அதுவரை வாய் திறக்கவில்லை. காரியம் முடிவதற்குள் இப்படி வருகிறவர்களிடம் போன் நம்பர் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், சாவு வீட்டில் விரிவாகக் கேட்க முடியாது. ஒரு மாதம் கழித்து வீடு தேடிப் போய்க் கேட்டால் உட்காரவைத்துச் சொல்வார்கள்.

ஒரே சம்பவத்தை இரண்டு பேர் இரண்டு விதமாகச் சொன்னால் இரண்டையும் எழுதுங்கள். எருமையை விற்றுத்தான் அப்பாவை ஐ.டி.ஐ.யில் சேர்த்தார்கள் என்று அப்பா சொல்கிறார். எருமை அதற்கு முந்தின வருசமே செத்துப்போனது, விற்றது தன் தோடு என்கிறார் பெரிய அத்தை. புத்தகத்தில் இரண்டும் இருக்கிறது, யார் சொன்னது என்ற குறிப்போடு.

எல்லோரும் தவிர்க்கிற ஒரு கேள்வி இருக்கிறது. இறந்துபோன பிள்ளைகளைப் பற்றியது. ரேஷன் கார்டில் அப்பாயிக்கு நான்கு பிள்ளைகள். அவர் பெற்றது ஏழு. பெரிய அத்தைக்கு முன் ஒரு ஆண், நடுவில் ஒரு பெண், கடைசியாக ஒரு ஆண். கடைசிப் பிள்ளை ஏழு மாதம் இருந்தது. எந்தக் காகிதத்திலும் இவர்கள் இல்லை. என் அப்பாவுக்கே மூன்று பேரின் பெயரும் தெரியாது. நான் நேரடியாகக் கேட்கவில்லை. ஒரு நாள் மத்தியானம் திண்ணையில் எங்கள் குடும்பப் பெயர்களை ஒரு தாளில் எழுதி, "யாரையும் விட்டுட்டனா பாரு அப்பாயி" என்று படித்துக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு, மூன்று பெயரையும் பிறந்த வரிசையில் சொன்னார். மூத்தவனுக்கு வலது கன்னத்தில் மச்சம் இருந்ததைச் சொன்னார். "எழுதிக்க" என்றார். எழுதிக்கொண்டேன். புத்தகத்தின் குடும்ப வரிசையில் ஏழு பெயரும் இருக்கின்றன. அப்படிக் கேட்கும்போது ரெக்கார்டரை வைக்காதீர்கள். அவர்களாகவே சொன்னதை மட்டும் எழுதினால் போதும்.

அடுப்படி விஷயத்துக்கு வருகிறேன். அப்பாயியின் அதிரசம் எங்கள் பங்காளி வீடுகள் எல்லாவற்றிலும் பேர் பெற்றது. அளவு கேட்டால் "கண்ணால பாத்துக்க வேண்டியதுதான்" என்பார். அதனால் நான் கேட்பதை நிறுத்திவிட்டு தராசை வைத்தேன். அவர் அரிசியை அள்ளிப் போடுவதற்கு முன் அந்தப் பாத்திரத்தைத் தராசில் வைத்து எடை எழுதிக்கொண்டேன், போட்ட பிறகு மறுபடி எடை. வெல்லமும் அப்படித்தான். ஒரு கிலோ பச்சரிசிக்கு முக்கால் கிலோ வெல்லம் என்று வந்தது. அவருடைய ஆழாக்கில் தண்ணீர் ஊற்றி அளந்தால் ஏறக்குறைய 170 மில்லி. ஆழாக்கும் படியும் வட்டாரத்துக்கு வட்டாரம் மாறும், அதனால் அவர்கள் புழங்கிய பாத்திரத்தையே அளந்து வைத்துக்கொள்வதுதான் சரி. அந்தப் பாத்திரத்தைப் பழைய இரும்புக்காரரிடம் போட்டுவிடாதீர்கள்.

எடையில் பிடிபடாதது பாகுப் பதம். ஊறவைத்த அரிசியைத் துணியில் உலர்த்தி, கையில் பிடித்தால் ஈரம் ஒட்ட வேண்டும், உள்ளங்கையில் தண்ணீர் தெரியக் கூடாது. அந்த ஈரத்தோடு இடித்துச் சலிக்க வேண்டும். பாகைத் தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் கரையாமல் அடியில் நிற்கும், விரலால் கூட்டினால் மெத்தென்று உருண்டு வரும், உருண்டை கையில் நிற்கும். அதுதான் பதம். அதற்கு மேல் போனால் அதிரசம் கல்லாகிவிடும், முன்னாலேயே இறக்கினால் எண்ணெயில் பிரிந்துவிடும். அப்பாயி அந்தச் சொட்டை உருட்டும்போது அவர் விரல்களை மட்டும் வீடியோ எடுத்து வைத்திருக்கிறோம். முகத்தை எடுத்த வீடியோக்களைவிட எங்கள் வீட்டுப் பெண்கள் அதைத்தான் தீபாவளிக்குத் தீபாவளி போட்டுப் பார்க்கிறார்கள்.

போட்டோக்களைப் பற்றிச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். பழைய போட்டோவின் பின்னால் பேனாவால் எழுதினால் மை முன்பக்கம் ஊறும், மெல்லிய பென்சிலால் எழுதுங்கள். கண்ணாடியில் ஒட்டிக்கொண்ட படத்தை உரிக்கவே வேண்டாம். சட்டத்தோடு நிழலான இடத்தில் வைத்து, ஃப்ளாஷ் இல்லாமல் எடுத்தாலே நன்றாக வரும். வாட்ஸப்பில் படமாக அனுப்பினால் தரம் குறைந்துவிடும், டாக்குமெண்டாக அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் ஒரே போனில் வைத்திருக்காமல் இரண்டு மூன்று வீடுகளில் பென் டிரைவில் கொடுத்து வையுங்கள். கூட்டமாக நிற்கும் போட்டோவில் யார் யார் என்று தெரிந்த கடைசி ஆள் போய்விட்டால் பிறகு அது வெறும் கூட்டம்தான்.

காரியம் முடிந்த கையோடு காகித வேலையும் இருக்கிறது. இறப்பை 21 நாளுக்குள் பதிவு செய்துவிட்டால் அலைச்சல் இல்லை. கிராமத்தில் கிராம நிர்வாக அலுவலர்தான் பதிவு செய்வார். பத்திரத்தில் ஒரு மாதிரி, ஆதாரில் ஒரு மாதிரி என்று பெயர் எழுத்து மாறியிருந்தால் இறப்புச் சான்றிதழ் எழுதும்போதே கவனியுங்கள், பின்னால் வாரிசுச் சான்றிதழிலும் பட்டா மாற்றத்திலும் அதுதான் இடிக்கும். புத்தகத்தில் நாங்கள் 1935 என்று போட்டிருந்தாலும் சான்றிதழில் ஆதாரில் உள்ளபடிதான் இருக்கிறது. இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

அப்பாயி உயில் எழுதவில்லை. 1956-ம் ஆண்டு இந்து வாரிசுரிமைச் சட்டப்படி அவர் பெயரில் உள்ள சொத்து மகன், மகள் எல்லோருக்கும் சம பங்கு. "அத்தைங்கதான் அப்பவே கட்டிக்கொடுத்தாச்சே" என்று ஊரில் ஒருவர் ஆரம்பித்தார். மஞ்சக்காணியைப் பற்றி அப்பாயி பேசிய ஒலிப்பதிவை அப்பா எல்லோரையும் வைத்துப் போட்டுக் காட்டினார். அப்பாயி அதில் தெளிவாகச் சொல்கிறார், "பொம்பளைக்குன்னு வந்த காணி பொம்பளைக்குப் போகட்டும்." அப்பாவும் சித்தப்பாவும் தங்கள் பங்கை விட்டுக்கொடுத்து அத்தைகள் பெயருக்கு விடுதலைப் பத்திரம் எழுதிக் கொடுத்தார்கள். பதிவு செய்த குரலுக்குச் சட்டப்படி உயிலின் பலம் கிடையாது, அதனால் வயதானவர்களுக்கு இப்படி ஒரு விருப்பம் இருந்தால் அவர்கள் இருக்கும்போதே உயிலாகவோ தானப் பத்திரமாகவோ எழுதிவிடுவது நல்லது. எங்கள் வீட்டில் மகன்கள் மனசு வைத்ததால் நடந்தது.

அப்பாயி பெயரில் என்ன செய்யலாம் என்ற பேச்சு வந்தபோது நுழைவு வளைவு கட்டலாம் என்றார்கள் சிலர். எங்கள் ஒரத்தநாட்டிலேயே முக்தாம்பாள் சத்திரம் இருக்கிறது. சரபோஜி மன்னர் தான் நேசித்த பெண்ணின் நினைவாக 1800-களின் தொடக்கத்தில் கட்டியது. வழிப்போக்கர்களுக்குச் சாப்பாடு போடவும் பிள்ளைகள் படிக்கவும் அந்த இடம் பயன்பட்டது. இருநூறு வருசம் கழித்தும் அந்தப் பெண்ணின் பெயர் ஊர் வாயில் இருக்கிறது என்றால் அதனால்தான். நாங்கள் வளைவு கட்டவில்லை. வருசத் திதி வரும் மாசியில், ஊர்ப் பள்ளிக்கூடத்தில் பத்தாவது, பன்னிரண்டாவது எழுதுகிற பிள்ளைகளில் முடியாதவர்களுக்குப் பரீட்சைக் கட்டணமும் பஸ் செலவும் கொடுக்கிறோம். யாருக்குக் கொடுத்தோம் என்பதை வெளியே சொல்வதில்லை. அப்பாயி செய்ததும் அப்படித்தான்.

புத்தகம் நாற்பத்தெட்டு பக்கம். பெரிய எழுத்தில் அச்சடித்தோம், படிக்கப் போகிறவர்களில் பாதிப் பேர் கண்ணாடி போட்டவர்கள். ஒவ்வொரு அத்தியாயத்துக்கும் பின்னால் கோடு போட்ட வெற்றுப் பக்கம் ஒன்று விட்டோம். இதைக் கட்டாயம் செய்யுங்கள். திரும்ப எங்கள் கைக்கு வந்த பிரதிகளில் அந்தப் பக்கங்கள் நிறைந்திருக்கின்றன. மேலத்தெரு அக்கா ஒருவர் தன் பேத்தியை விட்டு நடவுப் பாட்டு ஒன்றை எழுதிச் சேர்த்திருக்கிறார். பெரிய அத்தை எருமைக் கதை வரும் இடத்தில் பென்சிலால் கோடு போட்டு, தோடு விற்ற கடைத்தெருவின் பெயரை எழுதியிருக்கிறார். அத்தைக்கும் இப்போது எழுபது ஆகப்போகிறது. அவருடைய கதையையும் பதிவு செய்ய வேண்டும் என்று கேட்டிருக்கிறேன். சம்பா அறுப்பு முடியட்டும், புளி உலுக்கும்போது வா, பேசுவோம் என்றிருக்கிறார்.